சிலம்பாயி வீட்டு மான்

"நேத்து விறகுக்குப் போனப்ப ஒரு மான் எம்மேல உரசிட்டுப் போச்சு மதினி. உங்க வீட்டுக் கருவாட்டுக் குழம்பு வாசம்."

எஞ்சின் மில்லில் மிளகாய் அரைக்கக் காத்திருந்த வரிசையில், எனக்கு முன்னால் நின்றவள் தனக்கு முன்னால் நின்றவளிடம் இதைச் சொன்னாள். சொன்னவள் விறகு பொறுக்கும் அடக்கி. கேட்டவள் ஆண்டிச்சி. ஆண்டிச்சி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு தும்மல் தும்மி முடித்துவிட்டு, "கத்திரிக்கா போட்டதா, போடாததா?" என்று கேட்டாள்.

"போட்டது. மாங்காயும் கெடந்த மாதிரி இருந்துச்சு."

"அப்ப எங்க வீடுதான்," என்றாள் ஆண்டிச்சி. "நீ வத்தலக் காய வச்சுக் கொண்டாந்தியா, ஈரத்தோட கொண்டாந்தியா? ஈரமா இருந்தா மில்லுக்காரன் வைவான்."

நான் கல்லூரி விடுமுறைக்கு ஊருக்கு வந்த இரண்டாம் நாள் அது. வீட்டில் கேட்டபோது, ஆமாம், மாசியிலிருந்து அப்படித்தான், உனக்குக் கடிதத்தில் எழுத மறந்துவிட்டோம் என்றார்கள்.

எங்கள் ஊர் சிறுகுளவாய், மலைக்கு நேர் கீழே இருக்கிறது. பகலில் வெயில் ஏற ஏறக் காற்று ஊரிலிருந்து மலைக்கு ஏறும், பொழுது சாய்ந்ததும் மலையிலிருந்து ஊருக்கு இறங்கும், ஆகவே பகலில் நாங்கள் என்ன சமைக்கிறோம் என்பது மான்களுக்கு எப்போதும் தெரியும். மான் கண்ணில் கண்டதை ஒரு நிமிஷம் நின்று யோசிக்கும், காதில் கேட்டதை அரை நிமிஷம் யோசிக்கும், மூக்கில் பட்டதை யோசிக்கவே யோசிக்காது. கடுகு வெடிக்கும் சத்தம் எட்டாத தூரத்துக்கும் தாளிப்பின் வாசம் எட்டும், எட்டியதும் மான் வாலைத் தூக்கும், வாலைத் தூக்கிவிட்டால் அன்றைக்கு அந்த மலையில் மான் இல்லை. அதனால்தான் மாசி மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை கருப்பருக்கு மான் அடிப்பதற்கு ஏழு நாள் முன்பிருந்து எங்கள் ஊரில் யாரும் தாளிப்பதில்லை. வெறுமனே சொன்னால் பெண்கள் கேட்கமாட்டார்கள் என்று எந்தக் காலத்திலோ முடிவு செய்து, வீடு வீடாகப் போய்த் தாளிப்புக் கரண்டிகளை வாங்கி, எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கோத்துக் கருப்பர் கோயில் விட்டத்தில் தொங்கவிட்டுவிடுவார்கள். அதற்குக் கரண்டி கட்டு என்று பெயர். கரண்டி கட்டிய ஏழு நாளும் வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, பெருங்காயம் இல்லை, தலைக்கு எண்ணெய் இல்லை, கொண்டைக்குப் பூ இல்லை, சோப்பு இல்லை, பீடி இல்லை, வெற்றிலை இல்லை, உப்புப் போட்டு அவித்தது எதுவோ அதுதான் சாப்பாடு. ஏழாம் நாள் ஊரில் சண்டைகூட நடக்காது. வேட்டையாடக் கூடாது என்று ஒரு சட்டம் டவுன்வரை வந்துவிட்டதாகச் சொன்னார்கள். டவுனிலிருந்து எங்கள் ஊருக்கு அப்போது பஸ் இல்லை.

கரண்டிகளை வாங்கப் போகிறவனும், மானை அடிக்கிறவனும் சேவுகன் என்ற ஒரே ஆள்தான். எங்களுக்கு ஏழு நாள் விரதம் என்றால் அவனுக்கு வருஷம் முழுவதும். அப்பன் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கிய நாளிலிருந்து பதினெட்டு வருஷமாக அவன் வீட்டில் தாளிப்பு கிடையாது, கல்யாணமும் கிடையாது, உப்புக் கஞ்சி மட்டும்தான். குளிப்பது மலைச் சுனையில், தேய்ப்பது நொச்சி இலையும் மண்ணும். இடுப்பில் ஒரு சுருக்குப்பையில் சலித்த சாம்பல் வைத்திருப்பான். எதற்கு முன்னாலும் ஒரு சிட்டிகை சாம்பலைத் தூவி, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பான், மலையில் மட்டுமல்ல, டீக்கடையில் உட்காருவதற்கு முன்னாலும். மான்கள் அவனிடமிருந்து ஒரு கை தூரத்தில் மேயும் என்பார்கள். சாயங்காலம் மலையிலிருந்து இறங்கும்போது அவன் சிலம்பாயி வீட்டு வேலியோரமாகத்தான் வருவான். அவன் குடிசைக்கு அது சுற்றுப்பாதை.

சிலம்பாயி தனியாக இருந்தாள். கல்யாணமாகி மூன்றாம் மாதம் கிணறு வெட்டப் போன புருஷன் மண் சரிந்து இறந்துபோனான். பன்னிரண்டு வருஷமாக ஈச்சம்பாய் முடைந்து தனக்கு மட்டும் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தினமும் சாயங்காலம் வெந்தயக் குழம்பு. உரித்த சின்ன வெங்காயமும் முழுப் பூண்டும் போட்டுக் கொதிக்கவிட்டு, கடைசியில் வடகம் தாளித்துக் கொட்டுவாள். அந்தத் தாளிப்பு விழும் நேரமும் சேவுகன் அந்த வேலியைக் கடக்கும் நேரமும் பன்னிரண்டு வருஷமாக ஒன்றாகவே இருந்தன. சிலம்பாயி ஊரில் எல்லோரையும் முறை வைத்துத்தான் கூப்பிடுவாள், மாமா, அண்ணே, கொழுந்தனாரே, சித்தப்பா. சேவுகனை மட்டும் எந்த முறையும் வைக்காமல் "இந்தாங்க" என்பாள். எங்கள் ஊரில் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு, ஆனால் அதை யாரும் வெளியே சொன்னதில்லை.

அந்த வருஷ மாசியில் எப்போதும்போலக் கரண்டி கட்டினார்கள், எப்போதும்போல உப்புச் சோறு தின்றார்கள், வெள்ளிக்கிழமை விடியலிலிருந்து உச்சிவரை சுனைக்கு மேலே உட்கார்ந்தார்கள், ஒரு மானும் வரவில்லை. கருப்பருக்கு மான் தொடை வைக்காமல் கரண்டிகளை அவிழ்த்துக்கொடுத்தார்கள். இரண்டாம் நாள்தான் ஆடு மேய்ப்பவர்கள் வந்து சொன்னார்கள், மான்கள் மேலே எல்லாம் மணக்கிறது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டுக் குழம்பு. ஊரில் எத்தனை அடுப்போ அத்தனை மான். ஊர்த் தலைமை பார்க்கும் அம்பலம் பெரியணன் இதைக் கேட்டுவிட்டு, "ஏழு நாள் கட்டி வச்ச வாசம் எங்கிட்டாச்சும் போகணும்ல" என்றார். விசாரணை அத்தோடு முடிந்தது.

அதற்கப்புறம் ஊரில் ஒரு மாதம் யாருக்கும் வேலை ஓடவில்லை. ஓய்வாக இருந்தவர்கள் எல்லோரும் தங்கள் வீட்டு மானைத் தேடி மலையடிக்குப் போனார்கள், பார்த்தவர்கள் திரும்பிவந்து கொம்பு எப்படி, நடை எப்படி என்று சொன்னார்கள், பார்க்காதவர்கள் அடுத்தவர் வீட்டு மானைப் பற்றிப் பேசினார்கள். பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி இரண்டு பேரின் பெண்டாட்டிகளும் ஒரே கலைமானுக்குச் சொந்தம் கொண்டாடினார்கள், இருவரும் ஒரே மாமியாரிடம் மசாலா வறுக்கக் கற்றவர்கள் என்பதால் பெரிய வழக்காகி, கடைசியில் மூத்தவள் கொத்தமல்லியை ஒரு பிடி கூடுதலாக வறுப்பாள் என்று தெரிந்து அவளுக்கே தீர்ப்பானது. பள்ளிக்கூட வாத்தியார் பழனிக்கு மாலை போட்டுப் பத்து வருஷமாகக் கவிச்சி தொடாதவர், ஆனால் அவர் வீட்டுத் திசையில் நின்ற மானிடம் தேங்காய் அரைத்த கோழிக் குழம்பு மணத்தது, அந்த மானை யாரும் யாருடையது என்று கேட்கவில்லை, வாத்தியாரும் அந்தப் பக்கம் நடக்கவில்லை. புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் மானே இல்லை, அவள் மாமியார் அதைக் கிணற்றடியில் நாலு பேர் கேட்கச் சொன்னாள், பெண் அழுதாள், சித்திரையில் ஒரு குட்டி பிறந்து அதன்மேல் தக்காளித் தொக்கு மணத்தபோதுதான் மாமியார் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள். தங்கள் மேலேயே இத்தனை வாசம் இருந்தும், ஊரில் புதிதாகத் தாளிக்கும் வாசத்துக்கு மட்டும் மான்கள் முன்போலவே மிரண்டன. அதற்கும் யாரும் காரணம் கேட்கவில்லை.

சிலம்பாயி வீட்டு மான் இடது காது கிழிந்த ஒரு பெட்டை. சாயங்காலம் காற்று இறங்கும் நேரத்தில் அது அவள் வீட்டுக்கு மேலே உள்ள பாறையில் வந்து நிற்கும். அவள் அடுப்பில் வெந்தயக் குழம்பு, அவள் வீட்டுக்கு மேலே வெந்தயக் குழம்பு, இரண்டுக்கும் நடுவில் இருந்த எங்கள் தெருவுக்கு இரண்டு பங்கு வாசம். அந்த வருஷம் சேவுகன் வழக்கத்தைவிட அதிக நேரம் மலையில் இருந்தான். மான்களை எண்ணிப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டோம்.

ஐப்பசியில் செந்நாய்க் கூட்டம் ஒன்று வந்து ஆண்டிச்சி வீட்டு மானைத் தின்றுவிட்டுப் போனது. எலும்பைப் பார்த்தவர்கள் வந்து சொன்னபோது ஆண்டிச்சி, "போனாப் போகுது, மலையில மானா இல்ல" என்றுதான் சொன்னாள். அன்று மத்தியானம் அவள் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். வைத்த குழம்பு மணக்கவில்லை. உப்பு இருந்தது, புளி இருந்தது, உறைப்பு இருந்தது, வாசம் மட்டும் இல்லை. மறுநாள் பால் தீய்ந்து சட்டி கருகியது, பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளுக்குத் தெரியவில்லை. காய்ந்த மிளகாயை நெருப்பில் போட்டுப் பார்த்தாள், யாரும் இருமவில்லை. பிள்ளைகள் தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தார்கள். வாசலில் சோற்றுக்குக் காத்துக்கிடக்கும் நாய் எதிர்வீட்டு வாசலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. ஒரு மாதம் பொறுத்திருந்துவிட்டு ஆண்டிச்சியின் புருஷன் தன் அக்காள் வீட்டில் சாப்பிடத் தொடங்கினான், அங்கே வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு. ஆண்டிச்சி தன் சேலைத் தலைப்பை எடுத்து எடுத்து மோந்து பார்ப்பாள். வந்தவர்களிடம் நீட்டி, "ஏதாச்சும் அடிக்குதா பாரு" என்பாள். எதுவும் அடிக்கவில்லை.

இப்படியே தை வந்தது. போன வருஷம் கருப்பருக்கு மான் வைக்காததால் ஊரில் தாலி கட்டக் கூடாது என்று பதினோரு கல்யாணங்கள் நின்றுபோயிருந்தன, அதில் ஒன்று அம்பலத்தின் மகளுடையது. மாப்பிள்ளை வீட்டார் இன்னும் ஒரு வருஷம் பொறுக்கமாட்டோம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். இந்த மாசியில் ஒரு மானை அடித்தே ஆகவேண்டும், அடித்தால் ஒரு வீட்டின் வாசம் போகும், எந்த வீட்டினுடையது என்பதுதான் கேள்வி. ஊர்க்கூட்டம் போட்டார்கள்.

முதலில் எல்லோரும் வாத்தியார் வீட்டுப் பக்கம் பார்த்தார்கள். "எனக்கும் அந்த மானுக்கும் சம்பந்தமில்ல," என்றார் வாத்தியார்.

"அப்ப அடிச்சிறலாமா சார்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"சம்பந்தமில்லாத ஒரு உயிர எதுக்கு அடிக்கணும்?" என்றார் அவர்.

சிரிப்பு அடங்கியதும் அம்பலம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாலு பேரு சாப்பிடுற வீட்ல வாசம் போனா நாலு பேருக்கு நட்டம். எட்டுப் பேருன்னா எட்டுப் பேருக்கு. ஒத்தையாளு சாப்பிடுற வீடுன்னு ஊருக்குள்ள ஒண்ணுதான் இருக்கு. நான் தப்பாச் சொல்லல. யோசிச்சுப் பாருங்க."

யோசித்துப் பார்த்தார்கள். யாரும் சிலம்பாயி உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பாமல் யோசித்தார்கள்.

"ஒத்தையாளு வீட்ல வாசமும் போயிருச்சுன்னா, அப்புறம் அங்க யாரு இருக்கா மாமா?" என்று சிலம்பாயி கேட்டாள்.

அம்பலம் அரசமரத்தை நிமிர்ந்து பார்த்தார். "அதுக்கு ஒரு ஏற்பாடு செஞ்சிருவோம் ஆத்தா. தினம் ஒரு வீட்ல உனக்குச் சோறு. ஊரே ஒன் வீடுதான்."

இது எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அங்கேயே யார் வீட்டில் எந்தக் கிழமை என்று பேச ஆரம்பித்தார்கள். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் வெறும் பருப்புதான் என்று ஒருவர் பின்வாங்கினார், ஞாயிற்றுக்கிழமையைத் தங்கள் தலையில் கட்டுவதாக இன்னொருவர் கோபித்துக்கொண்டார். ஆண்டிச்சி எழுந்து நின்றாள். அவள் ஏதோ நியாயம் சொல்லப்போகிறாள் என்று எதிர்பார்த்தோம். "எங்க வீட்ல ஆறு பேரு. எங்க வீட்டு வாசம் போனப்ப எவளும் கிழமை வச்சுச் சோறு போடல," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

"புதங்கெழமை யாரு வீடு மாமா?" என்று கேட்டாள் சிலம்பாயி.

"புதன் எங்க வீடு."

"உங்க வீட்ல ரசத்துக்கு மல்லி போடமாட்டாங்க," என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள்.

அம்பலம் கடைசியாகச் சேவுகனிடம் திரும்பினார். "என்னப்பா, காது கிழிஞ்ச பெட்டை. தெரியும்ல?"

சேவுகன் சுருக்குப்பையைத் திறந்து ஒரு சிட்டிகை சாம்பலைத் தூவினான். அது அம்பலத்தின் வேட்டிமேல் போய் விழுந்தது. "காத்து எப்படின்னு பாத்துச் சொல்றேன்," என்றான். எல்லா வருஷமும் அவன் அதைத்தான் சொல்வான், ஆகவே சரி என்று எடுத்துக்கொண்டோம்.

கரண்டி கட்டு நாள் வந்தது. சேவுகன் கயிற்றோடு வீடு வீடாகப் போனான். கரண்டியைக் கொடுக்கும்போது பெண்கள் வழக்கம்போலக் கேலி பேசினார்கள். "எங்க கரண்டியக் கொண்டுபோய் ரகசியமாத் தாளிச்சுச் சாப்பிட்ராதீங்க மாமா" என்றாள் ஒருத்தி. "அவருக்குக் கடுகு எது, மிளகு எது தெரியுமா?" என்றாள் இன்னொருத்தி. கடைசி வீடு சிலம்பாயியுடையது. அவள் கரண்டியின் கைப்பிடி ஒருமுறை விட்டுப்போய், செப்புக் கம்பி சுற்றி இறுக்கியது.

"இந்தாங்க," என்றாள். "கழுவல. இப்பத்தான் தாளிச்சேன். இதுதான் கடைசின்னு கொஞ்சம் நெறையாவே போட்டேன்."

"கழுவித்தான் குடுக்கணும்."

"தெரியும்."

அவன் கழுவாத கரண்டியைக் கயிற்றில் கோத்தான். கோத்த பிறகும் போகவில்லை. பாய் வாங்கவந்த ஆள் மாதிரி தெருவில் நின்றான். பிறகு, "மொதல்ல கடுகா, வெந்தயமா?" என்று கேட்டான்.

சிலம்பாயி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "கடுகு. அது வெடிச்சு அடங்கினப்புறம் வெந்தயம். வெந்தயம் செவந்த ஒடனே எறக்கிரணும். பேச்சுப் பராக்குல விட்டா கசந்துரும்."

"வடகம்?"

"அதெல்லாம் சும்மா கேக்குறவங்களுக்குச் சொல்றதில்ல," என்று உள்ளே போய்விட்டாள். சற்று நேரம் கழித்து வெளியே வந்தபோது அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். அவள் உள்ளங்கையில் இரண்டு வடக உருண்டைகள் இருந்தன. அவன் அவற்றைச் சாம்பல் பையில் போடப்போய், நிறுத்தி, மடியில் முடிந்துகொண்டு போனான்.

அடுத்து நடந்ததைச் சுனைக்கு மேலே உட்கார்ந்திருந்த பன்னிரண்டு ஆண்களும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள், எங்கள் ஊரில் அது அபூர்வம். வெள்ளிக்கிழமை விடிந்து வெயில் பாறையில் ஏறியதும் காற்று கீழிருந்து மேலே வர ஆரம்பித்தது. சேவுகன் சாம்பலைத் தூவினான், அது அவர்கள் முகத்தை நோக்கி வந்தது, அதாவது கீழே சுனைக்கு வரும் மானுக்கு மேலே இருக்கும் ஆளின் வாசம் தெரியாது, மானின் வாசம் ஆளுக்குத் தெரியும். ஏழு நாள் உப்புச் சோறு தின்றிருந்த பன்னிரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். முதலில் வந்தது மொச்சைக் கொட்டைக் குழம்பு. அடுத்து பூண்டு ரசம், அடுத்து கோழி. வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, மிளகுக் கறி, தக்காளித் தொக்கு மணக்கும் குட்டி. யாரோ ஒருவர் வயிறு உறுமியது, பக்கத்தில் இருந்தவர் அவரைக் கிள்ளினார். எல்லாவற்றுக்கும் பின்னால் வெந்தயக் குழம்பு வந்தது. காது கிழிந்த பெட்டை சுனையில் முன்னங்கால்களை வைத்துக் குனிந்து தண்ணீர் குடித்தது. குறி தப்பவே முடியாத தூரம். அம்பலம் எச்சிலை விழுங்கிவிட்டு, "ம்" என்றார்.

சேவுகன் துப்பாக்கியை எடுத்து அம்பலத்தின் மடியில் வைத்தான். அம்பலம் பிறந்ததிலிருந்து துப்பாக்கியைத் தொட்டதில்லை, அதைப் பச்சைப்பிள்ளையை வாங்கிக்கொள்வதுபோல இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். சேவுகன் எழுந்து, பாறையைச் சுற்றி, சத்தமில்லாமல் கீழே இறங்கினான். எங்கிருந்தாவது வாகாகக் குறி பார்க்கப் போகிறான் என்று நினைத்தார்கள், துப்பாக்கி அம்பலத்திடம் இருப்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

அவன் சுனைக்கும் கீழே, காற்று புறப்பட்டு வரும் இடத்தில் போய் உட்கார்ந்தான். மூன்று கற்களைக் கூட்டி, நடுவில் சருகை வைத்துப் பற்றவைத்தான். கோயில் கயிற்றிலிருந்து உருவி இடுப்பில் செருகிவந்த, செப்புக் கம்பி சுற்றிய கரண்டியை எடுத்தான். ஒரு சின்னப் போத்தலிலிருந்து நல்லெண்ணெய் ஊற்றினான். கடுகைப் போட்டான். பதினெட்டு வருஷமாகச் செய்யாத வேலை என்பதால் கை கொஞ்சம் தள்ளியே பிடித்திருந்தது. கடுகு வெடித்தது. வெடித்து அடங்கியதும் வெந்தயத்தைப் போட்டான், மிளகாயைக் கிள்ளிப் போட்டான், மடியை அவிழ்த்து இரண்டு வடகத்தையும் உதிர்த்துப் போட்டான்.

மிளகாய் நெடி முதலில் மேலே இருந்தவர்களுக்குத்தான் போய்ச் சேர்ந்தது என்று சிலர் சொன்னார்கள், இல்லை, மான்களுக்குத்தான் என்று சிலர் சொன்னார்கள், இந்த ஓர் இடத்தில் மட்டும்தான் கருத்து வேறுபாடு. பன்னிரண்டு பேரும் இருமத் தொடங்கினார்கள். மான்கள் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கின, வாலைத் தூக்கின, காற்று போகும் பக்கமாகவே மேலே பாய்ந்தன, உட்கார்ந்திருந்தவர்களின் தலைக்கு மேலாகத் தாண்டித் தாண்டிப் போயின, தாண்டும்போது ஒவ்வொருவருக்கும் தன் வீட்டுச் சமையல் ஒரு நொடி மூக்கில் பட்டு மறைந்தது. அம்பலத்தின் தலைக்கு மேலே மல்லி போடாத ரசம் போனது. கடைசியாகக் காது கிழிந்த பெட்டை போனது. அம்பலம் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, "டேய் சேவுகா, டேய்!" என்று கத்தினார்.

சேவுகன் திரும்பிப் பார்க்கவில்லை. வெந்தயம் சிவந்ததும் கரண்டியை இறக்கினான். முன்பே அங்கே கொண்டுவந்து வைத்திருந்த தூக்குவாளியைத் திறந்து, உள்ளே இருந்த உப்புக் கஞ்சியில் அதைக் கொட்டி, விரலால் கலக்கி, சாப்பிட்டான்.